குடிக்காதவர் அமரலாமா?

சென்ற ரபீவுல் ஆகிர் மாதத்தில் ஒரு நாள். திருமுல்லைவாயிலில் இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின், ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவருக்கு வேலை. 1964ல் அமைந்த அந்தத் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகள் இருந்த சில இடங்களில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. கை கறுக்காமல் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலைகள் பெருகிவிட்டன. வேலை மாறினால் வேலையைச் சுற்றியுள்ள பழக்கங்களும் மாறத்தானே செய்யும்!

"எங்க மேனேஜர் மாற்றலாகிப் போறார் ஹஜ்ரத். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாருக்கும் விருந்து. இடம் சிட்டியில ஒரு ஒயின் பார். நான் தொடக்கூட மாட்டேன். மாதுளம்பழச் சாறு வாங்கிக்கிட்டு ஓரமா உட்கார்ந்துட்டு வந்துடுவேன். போகலைன்னா ஒட்டாதவன்னு பேர் வந்துடும். புது மேனேஜரும் அங்கதான் இருப்பார். போகலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. மஸ்அலா தெரியாததால் அல்ல. மஸ்அலா தெரிந்தே ஆறு மாதங்களுக்கு முன் நானே அப்படியோர் இடத்தில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால். அதைப் பின்னர் சொல்கிறேன். "நாளை மஃரிபுக்கு வாருங்கள் தம்பி" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு யோசித்தபோது முதலில் பட்டது இது. நம் ஊர் மக்களுக்கு மதுக்கடை என்றால் நினைவுக்கு வருவது டாஸ்மாக். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948ல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. இடையில் மூடியும் திறந்தும் வந்து, 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் கையில் எடுத்துக்கொண்டது. அந்தக் கடையையும் அதனோடு ஒட்டிய பாரையும் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் எவரும் மயங்கியதில்லை. நாற்றம், ஈரத் தரை, தெருவோரம் விழுந்து கிடக்கும் மனிதர், வாசலில் அழும் மனைவி. இவற்றைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவோம். அதை நம் இறையச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் அருவருப்பு வேறு, தக்வா வேறு. ஒயின் பாரில் நாற்றம் இல்லை. மங்கலான விளக்கு, மெல்லிய பேச்சு, நல்ல உணவு. படித்தவர்கள் குடும்பத்தோடு வந்து அமர்கிறார்கள். எவரும் தள்ளாடுவதில்லை. அங்கே அருவருப்பு நமக்குத் துணை வராது. இத்தனை ஆண்டுகளாக மூக்கு நமக்காகச் செய்துவந்த வேலையை ஈமான் தனியே செய்ய வேண்டிய இடம் அது. அதனால்தான், தெருமுனை டாஸ்மாக் பாரில் மாதுளஞ்சாறு குடிக்கலாமா என்று ஒருநாளும் கேட்டிராத பிள்ளை, இதை மட்டும் கேட்கிறார்.

இங்கே நாம் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மதுவில் மனிதர்க்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் பாவம் பயனைவிடப் பெரிது என்றே திருமறையின் அல்பகரா அத்தியாயம் 219வது வசனம் சொல்கிறது. பயனே இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை. ஆகவே அந்த இடம் அசிங்கமானது, அங்கே வருவோரெல்லாம் கெட்டவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி அவர்களைத் தடுக்கப் பார்ப்பது வீண். அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். அசிங்கம் இல்லை என்று கண்டதும், நாம் சொன்ன மற்றவையும் பொய் என்று எண்ணிவிடுவார்கள்.

இந்த வகைக் கடையின் வழக்கம் புட்டியாக விற்காமல் கிண்ணமாக விற்பது. ஒரு புட்டி 750 மில்லி. கிண்ணத்துக்குச் சுமார் 150 மில்லி ஊற்றினால் ஐந்து பேருக்கு வரும். ஒயினில் பொதுவாக நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு வரை போதைச் சாரம் இருக்கும். முழுப் புட்டி வாங்கக் கூசுகிறவரும் ஒரு கிண்ணத்துக்குக் கூசமாட்டார். இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. திறந்த புட்டி சில நாட்களில் காற்றுப்பட்டுப் புளித்துவிடும். அதைத் தடுக்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஊற்றிய அளவுக்கு ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவைப் புட்டிக்குள் செலுத்திக் காற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. அரபி மதரஸாவில் ஓதியவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிடும். புளித்துப் போவது என்றால் என்ன? ஒயின் காடியாக மாறுவதுதான். தானாகக் காடியாக மாறிவிட்ட மது சுத்தமானது, உண்ணலாம் என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மனிதர் வேண்டுமென்றே ஏதேனும் கலந்து மாற்றினால் ஆகுமா என்பதில்தான் ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் பிரிகின்றன. காடி நல்லதொரு தொடுகறி என்று நபி (ஸல்) அவர்களே புகழ்ந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த இயந்திரம், அல்லாஹ் படைத்த காற்று ஹராமை ஹலாலாக்கிவிடாதபடி காவல் காக்கிறது!

கொஞ்சம்தானே, ஒரு கிண்ணம்தானே என்பதற்கு ஹதீஸில் விடை உண்டு. அதிகமாக அருந்தினால் எது போதை தருமோ அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே. இதை அந்த இளைஞரும் அறிவார். அவர் கேட்டது குடிப்பதைப் பற்றியல்ல, உட்காருவதைப் பற்றி. பாவம் நாவுக்கு மட்டும் உரியதா, உட்கார்ந்த இடத்துக்கும் உண்டா என்பதே அவருடைய கேள்வி.

அல்மாயிதா அத்தியாயம் 90வது வசனத்தில் மது, சூதாட்டம் முதலியவற்றைச் சொல்லி அல்லாஹ் இடும் கட்டளை, குடிக்காதீர்கள் என்பதல்ல. அங்குள்ள சொல் 'ஃபஜ்தனிபூஹு'. ஜன்பு என்றால் பக்கம், விலா. அதனின்றும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுங்கள் என்பது அதன் கருத்து. வாயை மூடுவது மட்டுமல்ல, உடம்பையே நகர்த்துவது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர், மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அங்கும் பேச்சு விரிப்பைப் பற்றித்தான்.

உமைய்யாக்களில் நேர்மைக்குப் பேர்போன கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் காலம் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை. குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தார் அவர்கள் முன் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. குடிக்காதவர் என்பது மட்டுமல்ல, பச்சைத் தண்ணீர்கூட அருந்தாதவர்! அவரிலிருந்தே தண்டனையைத் தொடங்கச் சொன்னார்கள் கலீஃபா. அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டியது அன்னிஸா அத்தியாயம் 140வது வசனம். அது, அல்லாஹ்வின் வசனங்களைக் கேலி செய்வோர் வேறு பேச்சுக்கு மாறும் வரை அவர்களோடு அமராதீர்கள், அமர்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவரே என்று எச்சரிக்கும் வசனம். தஃப்சீர்களில் இச்செய்தி வருகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தை மறைக்கக்கூடாது. அந்த வசனம் இறங்கியது மார்க்கத்தைப் பரிகசிக்கும் சபையைப் பற்றி. மதுச் சபையைப் பற்றி அல்ல. கலீஃபா அதை ஒப்பீட்டால் விரித்தார்கள். மேனேஜரை வழியனுப்ப வந்திருக்கும் சக ஊழியர்கள் எவருடைய மார்க்கத்தையும் கேலி செய்யவில்லை. அவர்களுக்குத் தங்கள் மதத்தில் விலக்கப்படாத ஒன்றை அருந்துகிறார்கள். ஆகவே அவர்களைப் பரிகசிப்போர் வரிசையில் வைத்து முகம் சுளிப்பது அநீதி. கலீஃபாவின் கோபம் விழுந்தது தெரிந்தே அமர்ந்திருந்த முஸ்லிமின் மீதுதான்.

அடுத்து அந்த மாதுளஞ்சாறு. இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505ல், அதாவது 1111ல் மறைந்தவர்கள். தங்கள் இஹ்யாவில் ஒரு காட்சியை வரைகிறார்கள். சிலர் கூடுகிறார்கள், சபையை அலங்கரிக்கிறார்கள், மதுப் பாத்திரங்களைக் கொண்டுவந்து அவற்றில் காடியும் இனிப்பும் கலந்த சிகன்ஜபீன் என்னும் பானத்தை ஊற்றுகிறார்கள், ஒருவர் ஊற்றிக் கொடுத்துச் சுற்றி வருகிறார், குடிகாரர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளையே சொல்லிக்கொள்கிறார்கள். பானம் ஹலால். ஆனாலும் அச்செயல் ஹராம் என்கிறார்கள் இமாம். ஏனெனில் அது தீயோரின் கோலம். நீண்ட காம்புள்ள ஒயின் கிண்ணத்தில் சாற்றை ஊற்றி, எல்லாரும் கிண்ணத்தை உயர்த்தும்போது தானும் உயர்த்தி இடித்துக்கொள்ளும் நம் பிள்ளையை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

எனினும் கோலத்தை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்பதற்கும் நம் சரித்திரத்தில் சான்று உண்டு. 1511ல் மக்காவின் அதிகாரி காயிர் பேக், காப்பியைத் தடைசெய்தார். இரவில் கூடி, கிண்ணத்தைக் கைக்குக் கை மாற்றி, மது அருந்துவோர் பாணியில் அருந்துகிறார்கள் என்பது அவரைத் தூண்டிய காரணங்களில் ஒன்று. கஹ்வா என்ற பெயரே பண்டைய அரபியில் மதுவுக்கும் வழங்கிய பெயர்தான். அந்தத் தடை நிலைக்கவில்லை. இன்று நம் வீடுகளில் ஸஹருக்கு எழுந்ததும் தேடுவது காப்பியை. எனவே பார்க்க வேண்டியது கிண்ணத்தின் வடிவம் மட்டுமல்ல, அந்தச் சபை எதற்காகக் கூடுகிறது, எதன் பெயரால் அந்த இடம் அழைக்கப்படுகிறது என்பது. காப்பிக் கடையில் காப்பிதான் விஷயம். ஒயின் பாரில் ஒயின்தான் விஷயம்; சாறு அங்கே நமக்காக வைத்த சமாதானம்.

இனி ஃபிக்ஹு. நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில், அதன் ஆசிரியர் மர்கீனானி (ரஹ்), விருந்துக்குச் சென்ற இடத்தில் விலக்கப்பட்ட கேளிக்கை நடந்தால் என்ன செய்வது என்பதை விவரிக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே தமக்கு ஒருமுறை அச்சோதனை நேர்ந்து பொறுத்துக்கொண்டதாகச் சொன்ன செய்தியும் அங்கே இருக்கிறது. அப்படியானால் நாமும் பொறுத்துக்கொள்ளலாமே என்று அவசரப்படுவோருக்கு, அடுத்தடுத்த வரிகளில் வேலிகள் இருக்கின்றன. பொறுத்துக்கொள்ளலாம் என்பது போன பிறகு தெரியவந்தவருக்கு. முன்கூட்டியே தெரிந்தால் போகவே கூடாது. விலக்கப்பட்டது அந்த விரிப்பிலேயே இருந்தால் சாதாரண மனிதரும் அங்கே அமரக்கூடாது. மக்கள் பின்பற்றும் நிலையில் உள்ளவர், தடுக்க முடியாவிட்டால், வெளியேறிவிட வேண்டும். ஏனெனில் அவர் அங்கே இருப்பது மார்க்கத்துக்கு இழுக்கு, முஸ்லிம்களுக்குப் பாவத்தின் வாசலைத் திறந்துவிடுவதும் ஆகும். இமாம் அவர்களின் நிகழ்ச்சி அவர்கள் மக்களுக்கு முன்மாதிரியாக ஆவதற்கு முற்பட்டது.

பாவத்தின் வாசலைத் திறந்துவிடுவது. இந்தச் சொற்றொடரை மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது பெங்களூரில்.

உறவினர் வீட்டு நிகாஹுக்காகச் சென்றிருந்தேன். என் மைத்துனரின் வியாபாரக் கூட்டாளி, மிகவும் மரியாதை தெரிந்த ஹிந்து நண்பர், இரவு உணவுக்கு எங்களை அழைத்தார். சைவ உணவு நன்றாக இருக்கும் என்று சொல்லி ஓர் இடத்துக்குக் கூட்டிச் சென்றார். அமர்ந்த பிறகுதான் சுவர் நெடுகப் புட்டிகள் அடுக்கியிருப்பதையும், பக்கத்து மேசைகளில் கிண்ணங்கள் இருப்பதையும் கண்டேன். அவர் எங்கள் மேசையில் மது வரவழைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க, சாப்பாட்டுக்காகத்தான் கூட்டி வந்தேன், வேற இடம் போகலாமா?" என்றும் கேட்டார். அவர் மனம் நோகுமே என்று, "பரவாயில்லை" என்றேன். தலையில் தொப்பி, முகத்தில் தாடி, உடலில் ஜுப்பா. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முன்னே சொன்ன வாயு இயந்திரத்தின் விவரமெல்லாம் அவர் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டதுதான்.

கை கழுவ எழுந்து சென்றபோது, கறுப்பு மேலங்கி அணிந்த பணியாளர் பையன் ஒருவன் என் பின்னே வந்து ஸலாம் சொன்னான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஓட்டல் தொழில் படித்தவன். பக்கத்து மேசைகளுக்குக் கிண்ணங்களை எடுத்துச் சென்று ஊற்றிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"ஒரு வருஷமா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு ஹஜ்ரத். அத்தாகிட்டகூட சாதா ஓட்டல்னுதான் சொல்லியிருக்கேன். இன்னிக்கு உங்களை இங்க பார்த்ததும்தான் நிம்மதியாச்சு. ஆலிமே வந்து உட்கார்றாங்கன்னா, வேலை பார்க்கறதுல தப்பிருக்காதுல்ல?"

மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரை எண்ணும் ஹதீஸ் உண்டு. பிழிபவர், பிழியச் சொன்னவர், குடிப்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். இதை அறிவித்தவர்களில் ஒருவர் அனஸ் (ரலி). அந்த அனஸே இளமையில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். மது தடைசெய்யப்பட்டது என்ற அறிவிப்பு தெருவில் கேட்டதும், வெளியே சென்று கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. மறுகேள்வி கேட்காமல் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் அது ஓடியது. எவராவது ஒருவர் அந்தச் சபையில், சற்றுப் பொறு, விசாரித்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால்? அனஸின் கை அங்கேயே நின்றிருக்கும். ஊற்றும் பிள்ளையின் கை, அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் அசைகிறது.

நான் அந்தப் பையனுக்கு அபூதல்ஹாவாக இருக்கவில்லை. "வா தம்பி, பேசுவோம்" என்று குழறினேன். இங்கே வேலை செய்வது ஆகாது, நான் அமர்ந்ததும் பிழை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தில் ஒரு வருடத்துக்குப் பின் வந்த நிம்மதியை என் கையாலேயே எடுக்கத் துணிவு வரவில்லை. அவனுடைய தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். விருந்தளித்த நண்பரிடம் தலைவலி என்று பொய் சொல்லி எழுந்தேன். அது இரண்டாவது பிழை. அவரோ உண்மையைத் தாங்கிக்கொள்ளக்கூடிய மனிதர். வேறு இடம் போகலாமா என்று கேட்டவரே அவர்தானே.

மறுநாள் மஃரிபுக்கு அந்த இளைஞர் வந்தபோது, ஹிதாயாவைத் திறப்பதற்கு முன் இதைத்தான் சொன்னேன். பிறகு அவருடைய நிலைக்கு வந்தோம். அவர் மக்கள் பின்பற்றும் பெரியவர் அல்ல. ஆனால் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மது அந்த மேசையிலேயே இருக்கப்போகிறது. எனவே போகக்கூடாது. போகாவிட்டால் வேலையே போய்விடும் என்ற நிர்ப்பந்தம் உண்டா என்று கேட்டேன். இல்லை, சம்பள உயர்வில் கை வைக்கக்கூடும் என்றார். அது நிர்ப்பந்தம் ஆகாது. ஆனால் வாடகை வீட்டில் தாயாரோடும் படிக்கும் தங்கையோடும் இருப்பவருக்கு அது சிறிய விஷயமும் அல்ல. சம்பளம் குறையாது என்று உறுதிகூற நான் யார்? குறையலாம், குறைந்தாலும் போகாதீர்கள் என்றேன். இதைச் சொல்வது எனக்கு எளிது, சுமப்பது அவர் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எப்படி மறுப்பது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம். என் தலைவலி போதும். குடிப்பதைப் பற்றி அவர்களுக்கு உபதேசமும் வேண்டாம். வியாழக்கிழமை மதிய உணவுக்கு மேனேஜரை வீட்டுக்கு அழையுங்கள், காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள் என்றேன்.

அப்படியே செய்தார். மேனேஜர் இன்னும் இருவரோடு வீட்டுக்கு வந்து, அவருடைய தாயார் சமைத்த நெய்ச்சோறும் கறியும் உண்டு, பாத்திரத்தில் கொஞ்சம் கட்டியும் எடுத்துச் சென்றாராம். புதிய மேனேஜரிடம் வெள்ளிக்கிழமை வரவில்லை என்று நேரில் சொன்னதற்கு, அவர் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாராம். "அந்த சரிக்கு என்ன அர்த்தம்னு ஏப்ரல்லதான் தெரியும் ஹஜ்ரத்" என்று சிரித்தார்.

பெங்களூர்ப் பையனுக்கு அந்த வாரமே தொலைபேசியில் பேசினேன். நான் அங்கே அமர்ந்தது தவறு, அதை வைத்து நீ நிம்மதி அடையாதே என்றேன். நீண்ட நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சரிங்க ஹஜ்ரத். ஆனா உடனே விட முடியாது. படிப்புக்கு வாங்கின கடன் இருக்கு" என்றான். வேறு வழி தேடும்வரை, தேடுவதை நிறுத்தாமல் இரு என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. சென்னையில் இரண்டு ஓட்டல் முதலாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வாசகர்களில் மது பரிமாறாத உணவு விடுதி நடத்துவோர் எவருக்கேனும், பரிமாறும் தொழிலை முறையாகக் கற்ற, ஆங்கிலமும் கன்னடமும் பேசக்கூடிய பிள்ளை தேவையென்றால், இவ்விதழின் முகவரிக்கு என் பெயரிட்டு எழுதவும்.